கோச்சியைத் தாங்கிய கட்டை

பார்த்த முதல் நாளே என் எடையைக் கேட்ட மனுசி அவர். வணக்கம் சொல்லவில்லை, பேரையும் கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கொட்டகைக்குள் வந்து குடையை மடக்கி உதறினார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க எத்தனை கிலோ இருப்பியள்?" என்றார்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிறவள். அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை ஊட்டுவது, துடைப்பது, தூங்கவைப்பது எல்லாம் என் பாடு. துரையிலிருந்து தூக்குப்போணி விற்கிறவன் வரை எல்லாருக்கும் நான் ஆயாம்மா. அந்த ஆயாம்மாவிடம் எடையைக் கேட்க அதுவரை எவருக்கும் தைரியம் வந்ததில்லை. வந்திருந்தால் நல்ல பதிலாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அன்று என்னவோ வாய் தன்பாட்டில் "எம்பத்தஞ்சு" என்று உண்மையைச் சொல்லிவிட்டது. அவருக்கு முகமெல்லாம் சந்தோசம்.

"நல்லது. இந்த வாங்கில நடுவில ஒருக்கா இருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன். கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, வாங்குப் பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றை நடுவில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார். என்னை எழும்பச் சொல்லி மறுபடியும் பார்த்தார். "பரவாயில்லை. பிள்ளையளை இதில வைக்கலாம்" என்று சொல்லி நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

தோட்டத்தில் அவரை டீ.ஓ. மிஸ் என்போம். கட்டட வேலைகளைப் பார்வையிட அரசாங்கம் அனுப்பிய தொழில்நுட்ப அலுவலர். யாழ்ப்பாணத்துக்காரர். கொட்டகலை பஜாரில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு வருசத்துக்குச் சற்றுக் கூடுதலாக எங்கள் பக்கம் இருந்திருப்பார், பிறகு மாற்றலாகி ஊருக்கே போய்விட்டார். ஆள் காற்றடித்தால் பறக்கிற ஒல்லி. அதைப் பற்றி அவருக்கே பெரிய மனக்குறை இருந்தது. "என்ர நிறைக்கு ஒரு மரமும் வளையாது அக்கா. அதாலதான் ஆக்களைக் கேக்கவேண்டிக் கிடக்கு" என்பார். எங்கள் டிவிசனில் எவர் எத்தனை கிலோ என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவர் பேரை மறந்தாலும் எடையை மறக்கமாட்டார். "அந்த எழுபது கிலோ ஐயா இண்டைக்கு வரேல்லையோ?" என்று கேட்பார், எங்களுக்கும் ஆள் யாரென்று புரிந்துவிடும்.

மரம் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், மோந்துகூடப் பார்ப்பார்கள். பிறகு தேக்கு, பலா, டர்பன்டைன் என்று சாதி சொல்லி, வைரம் பாய்ந்த மரம் என்று சான்றிதழும் கொடுத்துவிடுவார்கள். மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டுவார். கடைசியில், "சரி, பாரம் வைச்சுப் பாப்பம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே மேசன்மாருக்கும் தச்சர்மாருக்கும் முகம் சுண்டிப்போகும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு அவரோடு ஒருநாள் போனேன். வாங்கின் நடுவில் உட்கார்ந்தவர் உடனே எழுந்து, கால் இருக்கிற ஓரத்துக்குப் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "ஏன் மிஸ், எங்கப்பா காலத்துப் பலா மரம் அது. ஒடைஞ்சதா சரித்திரமே இல்ல" என்றார்.

"முறியாதுதான். ஆனா தொய்யுது. தேத்தண்ணி ஊத்துண்டுபோம்" என்றார் மிஸ்.

அதுதான் அவருடைய ஓயாத பாட்டு. மரத்திடம் ஒன்றல்ல, இரண்டு கேள்வி கேட்க வேண்டுமாம். முறியுமா என்பது ஒன்று. வளையுமா, ஆடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் தேறிய மரம் இரண்டாவதில் கோட்டைவிடும் என்பார். "முறியிறது கட்டடத்தின்ர பிரச்சினை அக்கா. ஆடுறது உள்ளுக்கை இருக்கிற ஆக்களின்ர பிரச்சினை." எனக்கு அப்போது இதெல்லாம் வேலையில்லாத பேச்சாகத்தான் பட்டது. உடையாவிட்டால் போதாதா, மரம் கொஞ்சம் ஆடினால் குடியா முழுகிவிடும்?

கல்யாண வீட்டுக் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடந்த கல்யாணம் ஒன்றுக்கு மிஸ்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல பட்டுச் சேலை, தலைநிறையப் பூ, பார்க்க லட்சணமாக வந்திருந்தார். பொண்ணு மணவறைக்கு வருகிற நேரம் பார்த்து ஆளைக் காணோம். தேடினால், மணவறை மேடைக்கு அடியில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பொண்ணோட மாமன் பதறிப்போய், "என்னங்க மிஸ், தோடு விழுந்துருச்சா?" என்று டார்ச்சோடு தானும் உள்ளே போனார். சற்று நேரத்தில் மிஸ் வெளியே வந்து, மேடையில் நின்ற மூன்று மாமன்மாரைக் கையைக் காட்டி இறங்கச் சொன்னார். மூவரும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள். கோபம் வராமல் இருக்குமா? "நீங்க நிண்டா பலகை முறியாது. ஆனா ஐயர் மந்திரம் சொல்லேக்குள்ள குத்துவிளக்கு ஆடும்" என்றார். அவர்கள் இறங்கினதும் ஆடிக்கொண்டிருந்த விளக்கு அடங்கிவிட்டது. கல்யாண வீடியோவில் அந்த மூன்று பேரும் கீழே நின்று முறைக்கிறது இன்றைக்கும் தெளிவாகத் தெரியும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த எங்களுக்கு, அவரோடு மல்லுக்கு நிற்கிற நாளும் வந்தது. எல்லாம் புதுப் பிள்ளைக்காம்பராவால்தான்.

பழைய காம்பராவின் பின்சுவர் மண்சரிவில் வெடித்துப் போனதால், அதில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து நானும் பிள்ளைகளும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் குடியிருந்தோம். மேலே தகரம், பக்கத்தில் மறைப்பில்லை, நாலாபக்கமும் காற்று. மேட்டில் புதுக் காம்பரா கட்டி, கூரை போட்டு, வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனி மழை தொடங்குவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று அம்மாமார் நாளெண்ணிக்கொண்டிருந்தார்கள்.

புதுக் காம்பராவின் பிளானில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தது. பிளான் போட்டவர் பிள்ளை வளர்த்தவராக இருக்கமாட்டார். நம் பிள்ளைகள் கட்டிலில் தூங்குமா? சேலையில் தொட்டில் கட்டி நாலு ஆட்டு ஆட்டினால்தான் கண் சொருகும். பிள்ளைகள் எப்படித் தூங்கும் என்று என்னிடம் கேட்ட முதல் அலுவலர் மிஸ்தான். நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். "அப்ப பிள்ளையளின்ர பாரம் நிலத்தில இல்லை, மேலயோ?" என்றார். பிறகு கொழுந்துத் தராசில் தொட்டில் சேலையை மாட்டி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தார். நனைந்த கொழுந்துக்குக் கழிவு போட்டுப் பழகிய கணக்கப்பிள்ளை, "ஈரத்துக்குக் கழிவு போடணுமா மிஸ்?" என்று கேட்டார். பிள்ளைகள் நனைத்து வைத்திருந்ததால் அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

தொட்டில் கட்ட மரம் வேண்டுமே. அதை எங்கள் தோட்டத் தலைவர் ஏற்றுக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவர், நல்ல மனுசர், வாய் கொஞ்சம் நீளம். ரயில் பாதையிலிருந்து கழற்றிய பழைய சிலிப்பர் கட்டைகளை எங்கோ சொல்லிவைத்து வாங்கிவந்தார். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடந்த கட்டைகள், கல் மாதிரி மரம். அதை நீளவாக்கில் இரண்டிரண்டாக அறுத்து, பலகை கனத்துக்கு எடுத்து, சுவருக்குச் சுவர் மல்லாக்கப் படுக்கவைத்து ஏற்றிவிட்டார்கள். தண்டவாள ஆணி அடித்த ஓட்டை மேலிருந்து கீழாக நேரே இருந்தது, கயிறு கோக்கச் சௌகரியம். தலைவர் அண்ணாந்து பார்த்து, "கோச்சியையே தாங்குன கட்டை. நம்ம புள்ளைகளையா தாங்காது?" என்றார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

மிஸ் வந்தார். பாரம் வைத்துப் பார்க்கத்தானே போகிறார், பார்க்கட்டும் என்று விட்டோம். உர மூட்டைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னார். கட்டை முக்கவுமில்லை, முனகவுமில்லை. "முறியாது" என்று அவரே ஒத்துக்கொண்டார். தலைவருக்கு மீசை துடித்தது.

"இனித் தொட்டிலைக் கட்டுங்கோ" என்றார் மிஸ்.

மத்தியானம், அம்மாமார் பால் கொடுக்க வந்திருந்த நேரம். நாலைந்து தொட்டில் கட்டிப் பிள்ளைகளைப் போட்டு எல்லாவற்றையும் தூங்கவைத்தேன். பிறகு ஒரே ஒரு தொட்டிலை மட்டும் ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். என் தொட்டில் போன பக்கமெல்லாம் கட்டையும் ஏறி இறங்கியது. பக்கத்துத் தொட்டில் குலுங்கியது, அதிலிருந்த பிள்ளை முழித்து வீறிட்டது. அதை ஆட்டப் போனால் அடுத்தது எழுந்தது. கொஞ்ச நேரத்தில் காம்பரா முழுக்கக் கச்சேரி.

"புள்ளைன்னா அழத்தானே மிஸ் செய்யும்" என்றார் தலைவர்.

மிஸ் தன் அடிமட்டத்தை எடுத்தார். இரு கையிலும் படுக்கையாகப் பிடித்து அழுத்தினார், வில்லாக வளைந்தது. அதையே நிமிர்த்தி, ஓரம் மேலே தெரியும்படி பிடித்து அழுத்தினார், அசையவில்லை. "ஒரே மரந்தான். நீங்கள் படுக்க வைச்சிட்டியள். நிமித்தி வைக்கவேணும்" என்றார்.

"கோச்சிக்கு அடியில இப்பிடித்தானே மிஸ் படுத்துக் கெடந்துச்சு?"

"அங்க கட்டைக்கு அடியில முழுக்கக் கல்லு. இங்க அடியில என்ன இருக்கு?"

எல்லாரும் கட்டைக்கு அடியில் பார்த்தார்கள். அடியில் அழுகிற பிள்ளையோடு நான்தான் நின்றேன்.

சுவரை உடைத்துக் கட்டைகளைக் கழற்றி நிமிர்த்திவைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைவர் திறப்பு விழாவுக்குப் பேனர் அடித்து வைத்திருந்தார். சுவரைக் கட்டிய மேசன் பாஸ் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழையும் சொன்னபடி வந்து சேர்ந்தது, எங்கள் மழைக்குத்தான் தெரியுமே, பக்கவாட்டில் பெய்யும். மடுவத்தின் நடுவில் பிள்ளைகளை ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டு நான் பட்ட பாடு பெரும்பாடு.

அந்த மழையில் ரஞ்சினியின் மகனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ரஞ்சினி சின்னப் பொண்ணு, தலைப்பிள்ளை, புருசன் கொழும்பில் கடையில் வேலை. பிள்ளைக்கு ஐந்து மாதம்தான். மூச்சு இழுக்க இழுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டில் வைத்து மருந்துப் புகை பிடித்து, பிள்ளை தேறி வந்தது. ஆனால் ரஞ்சினி தேறவில்லை. "ஆயாம்மா, இனிமே எங்கயும் விடமாட்டேன். பசியோட கெடந்தாலும் நானே வச்சிக்கிறேன்" என்று வீட்டோடு இருந்துவிட்டாள். வேலைக்குப் போகாமல் எத்தனை நாளைக்குக் காலம் தள்ளுவாள்?

அடுத்த முறை மிஸ் வந்தபோது பிடித்துக்கொண்டேன். "ஒங்க நூலும் அடிமட்டமும் அந்தப் புள்ளைக்கு மூச்சுக் குடுக்குமா மிஸ்? நாலு புள்ளை முழிச்சு அழுதா என்னா? தூக்கி வச்சுக்க எனக்குக் கையில்லியா?"

"ரெண்டு கைதானே அக்கா இருக்கு" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "அதோட, ஆடுற மரம் சும்மா ஆடாது. நாளாந்தம் ஆடி ஆடிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். இந்த வருசம் ஒண்டும் நடக்காது. எப்பவோ ஒருநாள் நடக்கும். அப்ப நான் இங்க இருக்கமாட்டன். நீங்கள் இருப்பியள், பிள்ளையள் இருக்கும்."

"அதுவரைக்கும் மழையில கெடக்கட்டுமா?"

மறுநாள் பெரிய தறப்பாள் ஒன்றை ஓட்டோவில் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, மடுவத்தின் மழைப்பக்கத்தை மறைத்துத் தானே கட்டினார். நனைந்து ஊறிப்போய்விட்டார். நான் தேத்தண்ணி கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை. நான் கேட்டதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பௌர்ணமிப் போயா லீவன்று வலப்பனையிலிருந்து ஒரு மேசன் பாஸைக் கையோடு கூட்டிவந்தார். மிஸ்ஸுக்குச் சிங்களம் அரைகுறை, அந்த மனுசருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. அடிமட்டத்தைப் படுக்கவைத்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை வளைத்துக் காட்டினார். பாஸ் புரிந்துகொண்டு சிரித்து, சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி என்றார். தலைவர் முணுமுணுத்தபடியே வந்து, கடைசியில் அவரே கட்டைக்குத் தோள் கொடுத்தார். அன்றே கட்டைகள் நிமிர்ந்துவிட்டன. சுவர் பூச்சு இறுகுவதற்கு மிஸ் கேட்ட நாட்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தோம்.

பாரம் வைத்துப் பார்க்கிற நாள் வந்தது. ஸ்டோரில் உர மூட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் மலைக்குப் போய்விட்டது. மிஸ் சுற்றிப் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது.

"முடியாது" என்றேன்.

"எம்பத்தஞ்சு கிலோ அக்கா" என்றார் கெஞ்சலாக.

சேலையை நாலாக மடித்து, தேர்க்கயிறு மாதிரி ஒரு கயிற்றில் தொட்டில் கட்டி, நாலு பேர் பிடித்து என்னை உள்ளே ஏற்றினார்கள். பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். எவளோ போனில் பிடித்து அனுப்பிவிட்டாள், ராகலையில் இருக்கிற என் நாத்தனார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மிஸ் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து என்னை ஆட்டினார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, உள்ளதைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. எத்தனை பிள்ளைகளை ஆட்டியிருக்கிறேன், என்னை யாராவது ஆட்டி எனக்கு நினைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருகிறேன், கட்டை துளி அசையவில்லை.

"கட்டை பாஸாயிருச்சுங்க" என்றார் தலைவர்.

அம்மாமார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டார்கள். ஒன்றை ஆட்டினால் ஒன்று தூங்கியது, மற்றது தன்பாட்டில் கிடந்தது. ரஞ்சினி மட்டும் பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். நான் கையை நீட்டினேன், தரவில்லை. தலைவர் சொல்லிப் பார்த்தார். மிஸ், எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு வளையும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒங்க புள்ளையா இருந்தா போடுவீங்களா மிஸ்?"

கல்யாணமானவர் என்றுதான் எங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் அவர் எதையும் சொன்னதில்லை. எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்ர மகளும் இப்ப இப்பிடியொரு இடத்திலதான் கிடக்கிறா" என்றார் மிஸ். "யாழ்ப்பாணத்தில. இன்னும் ரெண்டு வயசு முடியேல்லை. நான் இங்க வந்தாப்பிறகுதான் வீட்டு ஆக்கள் கொண்டுபோய் விட்டவை. அந்தக் கட்டடத்து மரத்தை ஆர் பாத்ததெண்டு எனக்குத் தெரியாது."

ரஞ்சினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படியேறி உள்ளே வந்தாள். நீட்டிய என் கையைத் தாண்டிப் போய், பிள்ளையை மிஸ்ஸிடம் கொடுத்தாள்.

தொட்டில் பக்கத்திலேயே தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை அதில் விட மிஸ்ஸுக்கு வெகுநேரம் பிடித்தது.